38,000 சீட், 2 லட்சம் பேர் வரிசை: அப்பாவுக்கு ஒரு சேப்பாக்கம் டிக்கெட்

(பேசினதை அப்படியே போடாம, வாசிக்க வசதியா கொஞ்சம் வெட்டி ஒட்டி எழுத்தாக்கியிருக்கோம்.)

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் வேற மாதிரி. வழக்கமா ஏதாவது ஒரு டெக் விஷயத்தை எடுத்துப் பேசுவோம். இன்னைக்கும் டெக் இருக்கு, ஆனா நடுவுல எங்க அப்பா இருக்காரு, 9,000 ரூபாய் இருக்கு, கொஞ்சம் அசிங்கமும் இருக்கு. அந்த அசிங்கம் என்னோடது. ரெண்டு வருஷமா யார்கிட்டயும் சொல்லல. ஐபிஎல் டிக்கெட் பத்தி ஒரு எபிசோட் போடுங்கன்னு நிறைய பேர் கேட்டதால, சொல்லித்தான் ஆகணும்னு ஆகிப்போச்சு.

அப்பாவும் ரேடியோவும்

எங்க ஊர் புதுக்கோட்டை மாவட்டத்துல ஆலங்குடிக்குப் பக்கம். அப்பா விவசாயம். கடலை, கொஞ்சம் பூ, நாலு பலா மரம். கிரிக்கெட்னா அவருக்கு உசுரு. ஆனா அந்தக் கிரிக்கெட் அவருக்கு வந்தது கண்ணு வழியா இல்ல, காது வழியா. 80கள்ல வானொலியில அப்துல் ஜப்பார் தமிழ்ல வர்ணனை சொல்லுவாரே, அதைக் கேட்டு வளர்ந்த ஆளு. வரப்புல ரேடியோவை வச்சுட்டு தண்ணி பாய்ச்சினவரு. சேப்பாக்கம்னு சொன்னா அவருக்கு முதல்ல ஞாபகம் வர்றது ஒரு இரைச்சல். வர்ணனைக்குப் பின்னாடி கேட்குமே, கடல் மாதிரி, அந்த இரைச்சல்.

ஒருதடவைகூட நேர்ல போனது இல்ல. புதுக்கோட்டையில இருந்து சென்னை கிட்டத்தட்ட 390 கிலோமீட்டர். அறுவடை, மழை, தங்கச்சி படிப்பு, 2018ல கஜா புயல் வந்து மரம் பூராவும் சாய்ஞ்சது, இப்படி ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம். நான் வேலைக்குப் போய் ரெண்டு மூணு வருஷம் கழிச்சுத்தான் கேட்டேன். "அப்பா, சேப்பாக்கம் போவமா?" அவரு உடனே சரின்னு சொல்லல. "தோனி இன்னும் எத்தனை நாள் ஆடுவான்?"னு கேட்டாரு. அதுதான் அவரோட "சரி".

அது 2024. சிஎஸ்கே-க்கு கொல்கத்தாவோட ஏப்ரல் 8, திங்கக்கிழமை, சேப்பாக்கத்துல மேட்ச்.

வரிசையில நின்ன இன்ஜினியர்

2023ல கவுன்ட்டர்லயும் டிக்கெட் வித்தாங்க. சிஎஸ்கே 2019க்கு அப்புறம் முதல்முறையா சொந்த மண்ணுக்குத் திரும்பின வருஷம் அது. ராத்திரியே வந்து ரோட்டுல படுத்துக் கிடந்த பசங்களை டிவியில பார்த்திருப்பீங்க. 2024ல எல்லாம் ஆன்லைன்னு ஆனதும், நம்ம மாதிரி வெளியூர்க்காரங்களுக்கு இது நல்லதுதானேன்னு நினைச்சேன். ஆலங்குடியில உட்கார்ந்திருக்கிறவனும் திருவல்லிக்கேணியில உட்கார்ந்திருக்கிறவனும் ஒரே கோட்டுல நிக்கிறோம். எனக்கு வேலையும் இந்த மாதிரி சிஸ்டம் எழுதுறதுதான். ரெண்டு லேப்டாப், ஒரு போன், வீட்டு வைஃபை, மொபைல் நெட்டு எல்லாம் தயார்.

விற்பனை ஆரம்பிச்சதும் திரையில ஒரு நம்பர் வந்துச்சு. எனக்கு முன்னாடி 2 லட்சத்துச் சொச்சம் பேர்.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்தி கணக்குப் போடுவோம். அன்னைக்கு நான் போடாத கணக்கு இது. சேப்பாக்கத்துல மொத்த இருக்கை சுமார் 38,000. அத்தனையும் பொதுமக்களுக்கு வராது. ஸ்பான்சர், கிரிக்கெட் சங்கத்து கிளப்புகள், விருந்தினர்னு ஒரு பங்கு முன்னாடியே போயிடும். சரி, வாதத்துக்கு 38,000மும் விற்பனைக்கு வருதுன்னே வச்சுக்குவோம். ஆளுக்கு 2 டிக்கெட் எடுத்தா, 19,000 பேரோட முடிஞ்சது கதை. நான் 2 லட்சமாவது ஆளு. அந்த வரிசையில ஒரு மணி நேரம் நின்னேன். நிக்காம போய் மாட்டுக்குத் தண்ணி காட்டியிருக்கலாம்.

அந்த வரிசை எப்படி வேலை செய்யுது?

நிறைய பேருக்கு இதுல ஒரு தப்பான எண்ணம் இருக்கு. "10 மணிக்கு விற்பனை, நான் 9:30க்கே பேஜைத் திறந்து வச்சுட்டேன், அப்படியும் பின்னாடி தள்ளிட்டான், இது மோசடி"ன்னு. பொதுவா இந்த மெய்நிகர் வரிசைகள் எப்படின்னா, விற்பனை நேரத்துக்கு முன்னாடி வந்தவங்க எல்லாரும் ஒரு காத்திருப்பு அறையில இருப்பாங்க. மணி அடிச்சதும் அவங்களைக் குலுக்கிப்போட்டு நம்பர் கொடுப்பாங்க. அதுக்கு அப்புறம் வர்றவங்க அந்தக் கூட்டத்துக்குப் பின்னாடி. அதனால 9:30க்கு வந்தவனும் 9:58க்கு வந்தவனும் ஒண்ணுதான். ஆனா 10:01க்கு வந்தா போச்சு. இதை எழுதி வச்சுக்கங்க.

ரெண்டாவது, சீட்டைத் தொட்டதும் அது உங்களுக்காகச் சில நிமிஷம் பூட்டப்படும். அந்த நேரத்துக்குள்ள பணம் கட்டணும். கட்டலைன்னா பூட்டு திறந்து சீட் மறுபடியும் பொதுவுக்கு வந்துடும். "பணம் போயிடுச்சு, டிக்கெட் வரல"ன்னு கத்துறோமே, அது பெரும்பாலும் இங்கதான் நடக்குது. பேங்க்ல பணம் கழிஞ்சுட்டு, அந்தத் தகவல் டிக்கெட் கம்பெனிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பூட்டு திறந்துடுது. பணம் சில வேலை நாள்ல திரும்பிடும். சீட் திரும்பாது. இதுலயே ஒரு நல்ல சேதியும் இருக்கு. எல்லாம் வித்தாச்சுன்னு காட்டின அடுத்த 10, 15 நிமிஷம் விட்டுடாதீங்க. அடுத்தவங்களுக்குப் பணம் கட்ட முடியாம போன சீட்டுகள் ஒண்ணு ரெண்டா திரும்பி வரும்.

மூணாவது, பாட். ஒரு ஆள் ஆயிரம் கணக்கு வச்சு, ஆயிரம் இடத்துல இருந்து வர்ற மாதிரி வேஷம் போட்டு வரிசையில நிக்கலாம். அதுக்கு எதிரா போன் ஓடிபி, கேப்சா எல்லாம் இருக்கு. இருந்தும் இது எலியும் பூனையும் விளையாட்டு. நம்ம ரயில் டிக்கெட்டையே பாருங்க. தட்கல்ல ஏஜென்ட்டுகளோட சாஃப்ட்வேர் சண்டை தாங்காமத்தான் 2025 ஜூலையில இருந்து ஐஆர்சிடிசி-யில ஆதார் சரிபார்த்த கணக்கு இருந்தாத்தான் ஆன்லைன் தட்கல்னு ஆச்சு.

9,000 ரூபாய்

சரி, கதைக்கு வர்றேன். டிக்கெட் கிடைக்கல. அப்பாகிட்ட சொல்லணும். அவரு அதுக்குள்ள பக்கத்துத் தோட்டத்துக்காரர்கிட்ட சொல்லிட்டாரு. டீக்கடையில சொல்லிட்டாரு. ஒரு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வச்சிருந்தாரு.

டெலிகிராம்ல ஒரு குரூப். 1,700 ரூபாய் டிக்கெட், 4,500க்கு. அந்த சீசன்ல குறைஞ்ச விலை டிக்கெட்டே 1,700தான். ரெண்டுக்கு 9,000. "உங்ககிட்ட டிக்கெட் இருக்குன்னு என்ன ஆதாரம்?"னு கேட்டேன். புக்கிங் ஆன ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். அதுக்கு முன்னாடி வாங்கினவங்க "நன்றி ப்ரோ"ன்னு போட்ட மெசேஜும் அனுப்பினான். யுபிஐ-யில பணம் போட்டேன். பத்து நிமிஷத்துல பிடிஎஃப் வந்துச்சு. கியூஆர் கோடு, சீட் நம்பர், எல்லாம் இருந்துச்சு. ஏமாத்துறவன் பணத்தை வாங்கிட்டு ஓடிடுவான்னுதான் நான் நினைச்சிருந்தேன். இவன் ஓடல. ராத்திரி "என்ஜாய் ப்ரோ"ன்னு வேற அனுப்பினான்.

ஒரு கியூஆர் கோடுங்கிறது வெறும் படம். படத்தை எத்தனை பேருக்கு வேணும்னாலும் அனுப்பலாம். உள்ள போறது முதல்ல ஸ்கேன் பண்ற ஒரு ஆளு மட்டும்தான். இதை நான் பத்துப் பேருக்குப் பாடம் எடுப்பேன். ஆனா அன்னைக்கு அப்பாவோட வெள்ளைச் சட்டைக்கு முன்னாடி என் இன்ஜினியரிங் டிகிரி எங்க போச்சுன்னு தெரியல.

காலையில புதுக்கோட்டையில பல்லவன் ஏறினோம். மதியம் எழும்பூர். சாப்பிட்டு, மெரினா போய் அப்பா கால் நனைச்சுட்டு, அஞ்சரைக்கெல்லாம் கேட்டுக்கிட்ட நிக்கிறோம். ஸ்கேன் பண்ற தம்பி ரெண்டு தடவை காட்டிப் பார்த்துட்டுச் சொன்னான், "சார், இந்த டிக்கெட்ல ஏற்கனவே ஆள் உள்ள போயாச்சு."

அப்பாவுக்குப் புரியல. "தம்பி, அது நம்ம டிக்கெட்டுன்னு சொல்லு"ன்னாரு. எனக்கு வாய் வரல. பின்னாடி வரிசையில நின்னவங்க நகரச் சொல்லிக் கத்துறாங்க. நகர்ந்தோம். எங்களை மாதிரியே இன்னும் ரெண்டு பசங்க அங்க ஓரமா நின்னாங்க. அவங்க கையிலயும் அதே சீட் நம்பர்.

அந்த நிமிஷமே 1930க்கு போன் போட்டேன். இணைய மோசடிக்கான உதவி எண் அது. கேட்கிறவங்களும் குறிச்சு வச்சுக்கங்க. பணம் போன உடனே கூப்பிட்டா, அடுத்த கணக்குக்கு மாறுறதுக்குள்ள முடக்க வாய்ப்பு இருக்கு. நான் பணம் போட்டு நாலு நாள் கழிச்சுக் கூப்பிட்டேன். அது திரும்ப வரல.

வெளியில இருந்து கேட்ட மேட்ச்

"ஊருக்குப் போயிடலாம்பா"ன்னேன். அப்பா வரல. "வந்ததுதான் வந்தோம், இருந்துட்டுப் போவோம்"னாரு. பெல்ஸ் ரோட்டுப் பக்கம் ஒரு டீக்கடை ஓரம் உட்கார்ந்தோம். போன்ல லைவ் போட்டுக் கொடுத்தேன்.

அப்பதான் ஒண்ணு கவனிச்சோம். விக்கெட் விழுந்தா முதல்ல ஸ்டேடியத்துல இருந்து சத்தம் வருது. அரை நிமிஷம் கழிச்சுத்தான் போன்ல விழுது. இணையத்துல லைவ்ங்கிறது கொஞ்சம் பழைய லைவ். வீடியோவை துண்டு துண்டா வெட்டி, சுருக்கி, சர்வர் சர்வரா தாண்டி வரணும்ல. அப்பாவுக்கு அந்த விளையாட்டு பிடிச்சுப்போச்சு. சத்தத்தை வச்சே "இது ஃபோர்", "இது சிக்ஸு", "இது விக்கெட்டு"ன்னு சொல்ல ஆரம்பிச்சாரு. போன்ல வந்ததும் பார்த்தா பாதிக்கு மேல சரி. ரேடியோ கேட்டு வளர்ந்த காது.

கொல்கத்தா 137. சிஎஸ்கே 17ஆவது ஓவர்ல 135க்கு 3. ஜெயிக்க மூணே ரன். துபே அவுட். அப்ப ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க. அதை எப்படிச் சொல்றது. தரை அதிர்ந்துச்சுன்னு சொன்னா மிகைன்னு நினைப்பீங்க. டீக்கடைக்காரர் கை அப்படியே நின்னுடுச்சு. அப்பா போனைக் கவுத்து வச்சுட்டு எந்திரிச்சு நின்னுட்டாரு. "வந்துட்டான்"னாரு. போன்ல இன்னும் துபே அவுட்டே ஆகல.

அந்தச் சத்தத்துக்குத்தான் உள்ள ஆந்த்ரே ரஸ்ஸல் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு நின்னாரு. ஜடேஜா முதல்ல இறங்குற மாதிரி பாவ்லா காட்டிட்டுத் திரும்பினாரு. அந்த வீடியோவை நீங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. நாங்க அதைக் கேட்டோம்.

கிளாம்பாக்கம் போய் பஸ் பிடிச்சு உட்கார்ந்ததும் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. திட்டல. "ஏன் தம்பி, ஒரு டிக்கெட்டை நியாயமா விக்கிறது அவ்வளவு கஷ்டமா?" விடிய விடிய அதையே யோசிச்சுட்டு வந்தேன்.

கிரீன் பேன்னு ஒரு ஊர்

அப்பா கேள்விக்குப் பதில் தேடப்போய் நான் ரொம்பத் தூரம் போயிட்டேன். அமெரிக்காவுல கால்பந்துன்னு ஒண்ணு ஆடுவாங்க. காலை விடக் கையிலதான் அதிகம் ஆடுவாங்க, அது வேற கதை. என்எஃப்எல்னு லீக். 32 டீம். விஸ்கான்சின் மாநிலத்துல கிரீன் பேன்னு ஒரு ஊர். மக்கள் தொகை 1 லட்சத்துச் சொச்சம். நம்ம புதுக்கோட்டை டவுன் அளவுதான்னு வச்சுக்கங்களேன். அந்த ஊருக்குச் சொந்தமா ஒரு என்எஃப்எல் டீம் இருக்கு. பேக்கர்ஸ். ஸ்டேடியத்துல இருக்கை 81,441. ஊருல முக்கால்வாசிப் பேர் ஒரே நேரத்துல உட்காரலாம்.

அந்த டீமுக்கு முதலாளி கிடையாது. 1923ல இருந்து பொதுமக்களே பங்கு வாங்கி நடத்துறாங்க. 5 லட்சத்துக்கும் மேல பங்குதாரர்கள். லாபப் பங்கு வராது, விலைக்கு விக்கவும் முடியாது. அட, பங்கு வச்சிருந்தா டிக்கெட்ல முன்னுரிமைகூட கிடையாது. நம்ம ஊர்க் கோயிலுக்கு வரி கொடுக்கிற மாதிரி, "இது எங்களுது"ன்னு சொல்லிக்கிற பெருமை மட்டும்தான்.

அங்க டிக்கெட் எப்படி? முழு சீசனுக்கும் சேர்த்து விப்பாங்க. 1960ல இருந்து ஒவ்வொரு வருஷமும் சீசன் டிக்கெட் முழுசா வித்துப்போச்சு. காத்திருப்புப் பட்டியல்ல 1 லட்சத்துக்கும் மேல பேர். குழந்தை பிறந்ததும் பேரை எழுதி வச்சுடுவாங்க. டிக்கெட் வச்சிருக்கிறவங்க குடும்பத்துக்குள்ளயே பிள்ளைக்கு, பேரனுக்குன்னு எழுதி வைப்பாங்க. நமக்குப் பாட்டன் நிலம் வர்ற மாதிரி. என் காலேஜ் நண்பன் ஒருத்தன் மில்வாக்கியில இருக்கான். "மச்சி, நான் பேரைப் பதிஞ்சா என் பேரன்தான்டா மேட்ச் பார்ப்பான்"னு சிரிக்கிறான்.

அதே லீக்ல வேற சில டீம்கள் வேற மாதிரி. புது ஸ்டேடியம் கட்டினா, டிக்கெட் வாங்குற உரிமைக்கே ஆயிரக்கணக்குல டாலர் கேட்பாங்க. நம்ம ஊர் பஜார்ல கடைக்கு வாடகைக்கு மேல பகடி கேட்பாங்கல்ல, அதேதான். சூப்பர் பவுல் ஃபைனல்னா இன்னும் மோசம். ரெண்டு டீம், போட்டி நடத்துற ஊர் டீம், மத்த டீம்கள், லீக்னு அவங்களுக்குள்ளயே பங்கு பிரிச்சுக்குவாங்க. தெருவுல நிக்கிற ரசிகனுக்கு நேரா வர்றது கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல.

ஆனா அங்க என்னை நிமிர்ந்து உட்கார வச்ச ஒரு விஷயம் இருக்கு. டிக்கெட் பிடிஎஃப்-ஆ வராது, ஆப்புக்குள்ள மட்டும்தான் இருக்கும். அதுல இருக்கிற பார்கோடு சில விநாடிக்கு ஒருமுறை மாறிக்கிட்டே இருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினா, அது கேட்டுக்குப் போறதுக்குள்ள செல்லாது. போக முடியலையா? அதே ஆப்புலயே இன்னொருத்தருக்கு விக்கலாம். பழைய கோடு செத்துடும், புது ஆளுக்குப் புதுக் கோடு. எனக்கு நடந்த திருட்டு அந்த முறையில நடக்கவே முடியாது.

அதுக்காக அது சொர்க்கம்னு நினைச்சுடாதீங்க. அந்த மறுவிற்பனையில விலை விண்ணைத் தொடும், கம்பெனி ரெண்டு தடவை கமிஷன் எடுக்கும். 2016லயே பாட் வச்சு டிக்கெட் அள்ளுறதைத் தடுக்க அங்க சட்டம் போட்டாங்க. அப்படியும் 2022 நவம்பர்ல டெய்லர் ஸ்விஃப்ட் கச்சேரிக்கு சைட்டே படுத்துச்சு. 2024 மே மாசம் அமெரிக்க அரசே டிக்கெட்மாஸ்டர் கம்பெனி மேல ஏகபோக வழக்குப் போட்டுச்சு. இங்கிலாந்துல இன்னும் கறார். 1994 சட்டப்படி கால்பந்து டிக்கெட்டை அனுமதி இல்லாம மறுபடி விக்கிறதே குற்றம். நம்ம ஊர்ல பிளாக்ல விக்கிறவங்களை சேப்பாக்கம் பக்கம் போலீஸ் பிடிக்கிறாங்க. ஆனா பிடிபடுறது ரோட்டுல நாலு டிக்கெட்டோட நிக்கிற ஆளு.

நாலு வழி

என் மண்டைக்கு எட்டினவரை, ஆளு அதிகம் சரக்கு கம்மின்னா விக்கிறதுக்கு நாலே வழிதான். முந்தினவனுக்குக் கொடு. அதிக காசு கொடுக்கிறவனுக்குக் கொடு. ரொம்ப நாள் காத்திருந்தவனுக்குக் கொடு. இல்லைன்னா குலுக்கிப் போடு.

முந்தினவனுக்குன்னா நெட் வேகமும் பாட்டும் ஜெயிக்கும். காசுன்னா எங்க அப்பா தோத்துடுவாரு. காத்திருப்புன்னா கிரீன் பே கதை, தோனி அதுவரை ஆடமாட்டாரு. மிச்சம் குலுக்கல். விம்பிள்டன்ல 1924ல இருந்து பொதுமக்களுக்குக் குலுக்கல்ல டிக்கெட் கொடுக்கிறாங்க. நமக்கு இது புதுசா என்ன? உத்திரமேரூர் கல்வெட்டுல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே குடவோலை போட்டு ஆள் எடுத்திருக்கோம்.

இதையெல்லாம் ஒருநாள் அப்பாகிட்ட பெருமையா விளக்கினேன். கேட்டுட்டு அவரு சொன்னது: "குலுக்குறதெல்லாம் சரி தம்பி. ஒருத்தனே நூறு சீட்டு எழுதிப் போட்டா? பொங்கலுக்கு ரேஷன் கடையில டோக்கன் கொடுக்கிறாங்கல்ல. ஒரு கார்டுக்கு ஒரு டோக்கன். இன்ன நாள், இன்ன நேரம்னு வா. அங்க எவன் பிளாக்ல விக்கிறான்?"

அவ்வளவுதாங்க. ஆறு மாசம் நான் படிச்சதை அவரு ரேஷன் கடையில முடிச்சுட்டாரு. முறை எதுவா இருந்தாலும், ஒரு ஆளுக்கு ஒரு இடம்னு உறுதி பண்ணணும், டிக்கெட் அந்த ஆளோட ஒட்டி இருக்கணும். அதுதான் அடித்தளம். இப்ப ஜல்லிக்கட்டுக்கே மாட்டுக்காரரும் மாடுபிடி வீரரும் ஆன்லைன்ல பேர் பதிஞ்சு, டோக்கன் இருந்தாத்தான் வாடிவாசல். கிரிக்கெட்டுக்கு ஏன் முடியாது?

முடியும். ஆனா 1,700க்கு வித்தது 4,500க்குப் போனா, நடுவுல இருக்கிற 2,800 கிரிக்கெட் நடத்துறவங்களுக்கும் போகல, ரசிகனுக்கும் மிச்சமாகல, வரியாவும் போகல. அதைத் தடுக்கணும்னு யாருக்கு அவசரம்? டிக்கெட் எப்படியும் வித்துப்போகுது. வலி நம்மளோடது மட்டும்தான். இதுல நானும் யோக்கியன் இல்ல. நான் அந்த 4,500ஐக் கொடுக்கத் தயாரா இருந்ததாலதான் அந்தக் குரூப் ஓடுது.

இந்த சீசனுக்குப் போறவங்களுக்கு

சீக்கிரமா நாலு விஷயம். ஒண்ணு, கணக்கு, போன் நம்பர், யுபிஐ எல்லாம் முந்தின நாளே சரிபார்த்து வைங்க. விற்பனைக்கு முன்னாடியே காத்திருப்பு அறைக்குள்ள போயிடுங்க. வரிசை நம்பர் பெருசா வந்தா, நான் சொன்ன 19,000 கணக்கைப் போட்டுப் பார்த்துட்டு, உங்க வேலையைப் பாருங்க. ரெண்டு, 2025 செப்டம்பர் 22ல இருந்து ஐபிஎல் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 40 சதவீதம். ஆயிரம் ரூபாய் அடிப்படை விலைன்னா முன்னாடி 1,280, இப்ப 1,400. பட்ஜெட்ல அதைச் சேர்த்துக்கங்க. மூணு, நம்ம மாவட்டத்துல இருந்து போறவங்க திரும்புறதை யோசிங்க. ஏழரை மேட்ச் முடிய பதினொன்றரை ஆயிடும். பக்கத்துல அரசினர் தோட்டம் மெட்ரோ. பஸ் கிளாம்பாக்கத்துல இருந்துதான். நாலு, டெலிகிராம்ல எவனாவது பிடிஎஃப் அனுப்புறேன்னா, எங்க அப்பாவோட வெள்ளைச் சட்டையை நினைச்சுக்கங்க.

இன்னொரு வழியும் இருக்கு. டிஎன்பிஎல். போன வருஷம் திண்டுக்கல் நத்தம் பக்கம் என்பிஆர் கிரவுண்டுக்கு அப்பாவைக் கூட்டிட்டுப் போனேன். வரிசை இல்ல, பிளாக் இல்ல, டிக்கெட் என் பேர்ல. அஸ்வின் எங்களுக்கு இருபது முப்பது அடியில நின்னு ஃபீல்டிங் பண்ணாரு. அப்பா இடைவேளையில கடலை வாங்கி, "இது நம்ம ஊர்க் கடலை மாதிரி இல்ல"ன்னு குறை சொல்லிட்டே தின்னாரு. நல்லா இருந்துச்சாப்பான்னு கேட்டேன். "நல்லாத்தான் இருந்துச்சு. எல்லாம் தெரிஞ்சுது. சத்தம்தான் பத்தல"ன்னாரு.

அதனால இந்த சீசனுக்கும் முயற்சி பண்ணப்போறேன். நேர் வழியில மட்டும். கிடைச்சா உள்ள. கிடைக்கலைன்னா பெல்ஸ் ரோட்டு டீக்கடை இருக்கு. அப்பாகிட்ட ரெண்டையும் சொல்லிட்டேன். அவரு ரெண்டுக்கும் சரின்னுட்டாரு.

உங்களுக்கு டிக்கெட் கிடைச்ச கதை, கிடைக்காத கதை, ஏமாந்த கதை எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க. வெட்கப்படாம அனுப்புங்க, நானே சொல்லிட்டேன்ல. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.